மாஸ்டர் பையில் இருந்த கட்டர்

கோவை விமான நிலையத்தில், வெயில் கொளுத்திய ஒரு காலையில், மூன்று ஹூடிகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டுக்கொண்டு செக்யூரிட்டி வரிசையில் நின்றவன் நான்தான். அடியில் இருந்த இரண்டும் ஓரளவு கௌரவமானவை. மேலே தெரிந்தது பெண்களுக்கானது. இளஞ்சிவப்பு, நெஞ்சு முழுக்க ஜிகினாவில் ஒரு வண்ணத்துப்பூச்சி. ஐம்பதைத் தாண்டிய வயது, தொப்பை, மூக்குக்கண்ணாடி, அதன்கீழ் வண்ணத்துப்பூச்சி. அன்று அங்கே நின்றவர் யாராவது இதைப் படிக்க நேர்ந்தால், அந்த ஆள் மனநிலை தவறியவர் அல்ல, திருப்பூர் பனியன் கம்பெனியில் ஆர்டர் பார்க்கும் மெர்ச்சண்டைசர் என்று தெரிந்துகொள்ளட்டும்.

புதிதாக மெர்ச்சண்டைசிங்கில் சேர்ந்திருக்கும் உங்களுக்காக, "சாம்பிள் எடுத்துட்டு பிளைட்டுல போறது எப்படின்னு ரெண்டு பக்கம் எழுதிக் குடுங்க சார்" என்று எச்.ஆரில் கேட்டார்கள். முதுகு வலியால் விலகி வீட்டில் இருப்பவனுக்கு ஏதாவது வேலை கொடுப்போம் என்ற நல்லெண்ணம். விதிகளை நான் எழுத வேண்டியதில்லை. கைப்பைக்கு ஏழு கிலோ, கத்திரியும் பிளேடும் பெட்டியில், பவர் பேங்க் கையில். டிக்கெட்டிலேயே அச்சடித்திருக்கிறான். விதி தெரியாமல் மாட்டியவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. விதியை ஊருக்கெல்லாம் பாடம் எடுத்துவிட்டு மாட்டிய ஒருவனைப் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன். அவன் சட்டைக்குள்தான் நான் இருந்தேன்.

நடந்தது இது. பச்சைக் குழந்தைகளுக்கான ரோம்பர் ஒன்று, மேலும் கீழும் ஒன்றாகத் தைத்த உடுப்பு. வெளிநாட்டுக் கடைகளுக்காக எங்களிடம் வாங்கும் டில்லி பையிங் ஆபீசில் ஒரு பொம்மைக் குழந்தை வைத்திருக்கிறார்கள். நாங்கள் அனுப்பிய ரோம்பரின் கழுத்து அந்தப் பொம்மையின் தலையில் ஏறவில்லை. திருத்தி அனுப்பினோம், காதில் மாட்டியது. மறுபடி அனுப்பினோம், இந்த முறை தலை ஏறியது, தோள் வழிந்தது. கடைசியில், துணி வெட்டும் அளவை வரைகிற உங்கள் பேட்டர்ன் மாஸ்டரை நேரில் கூட்டி வாருங்கள், எங்கள் மேசையிலேயே சரிசெய்யட்டும், இல்லாவிட்டால் இந்த ஸ்டைலை வேறு கம்பெனிக்குக் கொடுத்துவிடுகிறோம் என்று சொல்லிவிட்டார்கள். பகல் ஒரு மணிக்கு அங்கே இருக்க வேண்டும். காலை விமானத்தை விட்டால் வேறு வழியில்லை.

மாஸ்டருக்கும் எனக்கும் ஏறக்குறைய ஒரே வயது. காங்கேயம் ரோட்டில் வீடு. கம்பெனியில் பாய் மாஸ்டர் என்பார்கள், எனக்கு வெறும் மாஸ்டர். டீ நேரத்தில் என்னைக் கிண்டல் செய்வது அவருடைய பொழுதுபோக்கு. அவர் அதுவரை விமானம் ஏறியதில்லை. மனைவியை உம்ராவுக்குக் கூட்டிப் போக வேண்டுமென்று அப்போதுதான் இருவருக்கும் பாஸ்போர்ட் எடுத்திருந்தார். டில்லி விஷயத்தைச் சொன்னதும் தாடியைத் தடவிக்கொண்டே, "மொத மொத மக்காவுக்குத்தான் ஏறோணும்னு நெனச்சிருந்தனுங்க. நீங்க என்னைய பாப்பாத் துணிக்கு ஏத்தறீங்க" என்றார்.

அவருக்கு நான் வகுப்பு எடுத்தேன். வேறு சொல் இல்லை. மதிய இடைவேளையில் கட்டிங் மேசை அருகே உட்கார வைத்து, எது போகும் எது போகாது என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். அவர் சந்தேகம் கேட்டார்.

"ஊட்ல மாங்கா ஊறுகா குடுத்து உடறேங்கறாங்க. உடுவாங்களா சார்?"

"உடமாட்டாங்க."

"இதுங்க?" கழுத்தில் நூல் கட்டித் தொங்கவிட்டிருந்த டிரிம்மரைத் தூக்கிக் காட்டினார். நூல் பிசிறு வெட்டும் அந்தச் சின்னக் கத்திரி இல்லாமல் அவரை நான் பார்த்ததே இல்லை. பள்ளிவாசலுக்குப் போகும்போதுதான் கழற்றுவார் என்று நினைக்கிறேன்.

"அது மொதல்ல போகாதுங்க மாஸ்டர். கோயமுத்தூர் ஏர்போர்ட்ல புடுங்கிப் போட்ட பொட்டியப் பாத்தீங்கன்னா, அன்னிக்குத் திருப்பூர்க்காரங்க எத்தன பேரு பறந்தாங்கன்னு சொல்லிப்போடலாம். அத்தன டிரிம்மர் கெடக்கும்."

சிரித்தார். பயண நாளன்று டிரிம்மர் இல்லாமல் வந்தார். ஊறுகாய் இல்லாமல் வந்தார். பற்பசையைக்கூடக் கொண்டுவரவில்லை. வழி நெடுக அவர் கை தானாக நெஞ்சுக்குப் போய், அங்கே ஒன்றும் இல்லை என்று கண்டு திரும்பிக்கொண்டிருந்தது.

எனக்கு ஒரு கொள்கை இருந்தது: சாம்பிளைச் செக்-இன்னில் போடுவதில்லை. ஒருமுறை என் சாம்பிள் பெட்டி எனக்கு முன்பே வேறொரு ஊரைச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்ததிலிருந்து ஏற்பட்ட கொள்கை. அதனால் இருவருக்கும் கைப்பை மட்டும். ரோம்பர்களோடு, வேறொரு ஆர்டருக்கான ஹூடிகளையும் காட்டிவிடலாம் என்று என் பையில் திணித்திருந்தேன். கவுன்டரில் இருந்த பெண் இரண்டு பைகளையும் எடைபோட்டாள். மாஸ்டர் பை இறகு, ஆனால் ஒரு ஹூடிகூட நுழையாத அளவுக்குச் சின்னது. என் பை மூட்டை.

"சார், குறைக்கணும். இல்லேன்னா செக்-இன் பண்ணுங்க."

செக்-இன் செய்திருக்கலாம். நீங்கள் இதைப் படிக்கும்போதே உங்களுக்குத் தோன்றுகிறது. எனக்குக் கொள்கை இருந்தது. ஓரமாகப் போய் மூன்று ஹூடிகளை எடுத்து மாட்டிக்கொண்டேன். உடம்பில் இருப்பதை எடைபோட மாட்டார்கள் என்பது எங்கள் தொழிலின் பழைய கண்டுபிடிப்பு, அதை இன்னும் விடாமல் கடைப்பிடித்தவன் நான். அப்படியும் கொஞ்சம் கூடுதலாக இருந்தது. என் பையின் முன்பக்கத்திலிருந்து நீலப் பவுச்சை உருவி, "மாஸ்டர், இத உங்க பையில போட்டுக்குங்க" என்றேன். என்ன ஏது என்று கேட்காமல் வாங்கி வைத்துக்கொண்டார். நான்தானே வகுப்பு எடுத்தவன்.

அந்தப் பவுச்சில் என்னுடைய டேப், நிறம் ஒப்பிடும் ஷேடு கார்டு, கூடவே ஜி.எஸ்.எம். கட்டர் இருந்தது. தெரியாதவர்களுக்கு: துணியின் கனம் பார்க்க வட்டமாக ஒரு துண்டு வெட்டியெடுக்கும் கருவி. உருண்டையாக, இரும்பாக, கைக்கு அடங்காத அளவில் இருக்கும். அடிப்பக்கம் பிளேடுகள் ஒளிந்திருக்கும். மற்ற பயணங்களில் பெரிய பெட்டியில் போட்டு அனுப்பிவிடுவேன். பையிங் ஆபீசில் அவர்களிடமே ஒன்று இருக்கும். இருந்தாலும் அவர்கள் கட்டரை நான் நம்புவதில்லை. இன்னொருவர் பேனாவில் கையெழுத்துப் போடத் தயங்குகிற மாதிரி ஒரு கிறுக்கு.

மறந்துவிட்டேன் என்றுதான் இத்தனை காலம் எனக்கு நானே சொல்லி வந்தேன். பவுச்சைக் கொடுக்கும்போது கைக்கு அதன் கனம் தெரிந்தது. கைக்குத் தெரிந்தது தலைக்கு வந்து சேர்வதற்குள் பவுச் கைமாறிவிட்டது. வந்து சேர்ந்தபின் திரும்ப வாங்கியிருக்கலாம். வரிசை நகர்ந்துவிட்டது, நானும் நகர்ந்துவிட்டேன்.

மெட்டல் டிடெக்டர் வாசலைத் தாண்டி நான் மேடைமேல் ஏறினேன். காவலர் கையிலிருந்த கருவி என் நெஞ்சருகே வந்ததும் கத்தியது. ஜிப். கழற்றச் சொன்னார். வண்ணத்துப்பூச்சி ஜிப்பைப் பிடித்து இழுத்தேன், பாதியில் மாட்டிக்கொண்டது. அப்போதுதான் எக்ஸ்ரே பக்கத்திலிருந்து, இந்தப் பை யாருடையது என்று இந்தியில் ஒரு குரல் கேட்டது.

"யே பேக் கிஸ்கா ஹை?"

திரும்பிப் பார்த்தேன். மாஸ்டருடைய பை தனியாக ஒதுக்கப்பட்டிருந்தது. மாஸ்டர் பள்ளிக்கூடத்தில் போல வலது கையைத் தூக்கினார். "மேரா ஹைங்க சார்." 'என்னுடையது' என்பதற்கு, எங்கள் தையல் செக்ஷனில் வேலை செய்யும் வடக்கத்திப் பையன்களிடம் கற்ற இந்தி. எந்த மொழி பேசினாலும் அவருக்கு 'ங்க' போடாமல் வாய் நிற்காது.

அதிகாரி பையைத் திறந்தார். நீலப் பவுச்சைத் திறந்தார். கட்டரை வெளியே எடுத்து, புரட்டி, பிளேடு தெரியும்படி மாஸ்டர் முகத்துக்கு நேரே பிடித்தார். இது என்ன, யாருடையது, பையை நீயேதான் அடுக்கினாயா என்று கேட்டார்.

மாஸ்டர் கட்டரைப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார்.

நான் ஜிப்பைப் பார்த்தேன்.

எத்தனை நேரம் என்று சொல்லத் தெரியவில்லை. ஒரு வாக்கியம் சொல்லப் போதுமான நேரம். எனக்குத் தெரிந்த எல்லா மொழியிலும் அந்த வாக்கியம் சின்னதுதான். மேடையிலிருந்து இறங்கி, அது என்னுடையது என்று சொல்லியிருந்தால், என்னைத் திட்டியிருப்பார்கள், கட்டரை வாங்கிப் பெட்டியில் போட்டிருப்பார்கள், முடிந்திருக்கும். ஆனால் அந்த நேரத்தில் என் தலைக்குள் ஓடியது வேறு. தாடி வைத்த மனிதர், பையில் பிளேடு வைத்த உருண்டை இரும்பு, அடுத்து அவர் பெயரைக் கேட்பார்கள். இது எங்கே போய் முடியுமோ? அவரை நினைத்துப் பயந்ததாக அப்போது எனக்கே சொல்லிக்கொண்டேன். உண்மையில், அவர் பக்கத்தில் நிற்பவனுக்கு என்ன ஆகும் என்றுதான் பயந்தேன்.

"மேரா ஹைங்க சார்" என்றார் மாஸ்டர் இரண்டாம் முறை.

மேலதிகாரி வரட்டும் என்று அவரை ஓரமாக நிற்க வைத்தார்கள். நான் மூன்று ஹூடியையும் கழற்றிக் காட்டி, மறுபடி மாட்டி, என் பையை எடுத்துக்கொண்டேன். ஒலிபெருக்கியில் எங்கள் விமானத்துக்கு அழைப்பு வந்தது. மாஸ்டர் என் பக்கம் பார்த்தார். நான் கேட் பக்கம் கையைக் காட்டி, "நான் போய் நிறுத்தி வெக்கறேன்" என்று சைகை செய்தேன். விமானத்தை. நிறுத்தி வைக்க. பல்லடம் போகும் டவுன் பஸ் என்று நினைத்துக்கொண்டேன் போல.

கேட்டில் போய் நின்றேன். சாம்பிள் எப்படியும் போய்ச் சேர வேண்டும், ஆர்டர் முக்கியம், இரண்டு பேரும் மாட்டிக்கொண்டு என்ன பயன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். எல்லாமே நியாயமான காரணங்கள். ஆபத்து நேரத்தில் நியாயமான காரணங்கள் இவ்வளவு வேகமாக வரிசை கட்டி நின்றால் சந்தேகப்படுங்கள். உங்களுக்கு நான் சொல்ல நினைத்த தொழில் அறிவுரை ஒன்று உண்டென்றால் அதுதான்.

கடைசி ஆள்கள் உள்ளே போய்க்கொண்டிருந்தபோது மாஸ்டர் ஓடி வந்தார். ஒரு கையில் பை, மறு கையில் பெல்ட், பேன்ட்டை முழங்கையால் பிடித்துக்கொண்டு.

இருக்கையில் உட்கார்ந்து மூச்சு வாங்கியபின் நடந்ததைச் சொன்னார். மேலதிகாரி வந்திருக்கிறார். இது துணி வெட்டுவது, பனியன் துணி எவ்வளவு கனம் என்று பார்க்க, என்று மாஸ்டர் தன் இந்தியில் விளக்கியிருக்கிறார்.

"உடனே அவரு, யூனிபாரத்துக்குள்ள இருந்து பனியன் ஓரத்த இழுத்துக் காமிச்சு, இது உங்க ஊருதானான்னு கேட்டாருங்க சார். லேபிள் தேஞ்சு போயிருந்துச்சு. தையலப் பாத்துட்டு, நம்மூருதானுங்கன்னு சொன்னேன். சிரிச்சுட்டாரு. அடுத்த தடவ பெரிய பொட்டியில போட்டு உடுன்னாரு. கட்டர அந்தப் புடுங்கிப் போடற பொட்டியில போட்டுட்டாங்க. டிரிம்மரு மேல டம்முன்னு உழுந்துச்சு. நீங்க சொன்ன மாதிரியே, நெறைய டிரிம்மருங்க."

"பேரு கேட்டாங்களா?"

"கேட்டு எழுதிக்கிட்டாங்க. எல்லாத்துக்கும் எழுதறதுதானாமா."

அவ்வளவுதான். அந்த எக்ஸ்ரே மெஷின் அருகே அன்று தாடியைப் பார்த்தவன் நான் ஒருவன்தான். யூனிபாரம் போட்டவர்கள் பையைத்தான் பார்த்தார்கள்.

விமானம் ஏறி மேகத்துக்கு மேல் போனதும் மாஸ்டர் கொஞ்ச நேரம் ஜன்னல் வழியே பார்த்தார். முதல் பயணம் அல்லவா. பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"சார், பேர எழுதிக்கிட்டாங்களே, நாளைக்கு உம்ராவுக்குப் போறப்ப பாஸ்போர்ட்டுல ஏதாச்சும் சிக்கல் வருங்களா? எனக்காச்சும் பரவால்லீங்க. ஊட்ல ரொம்ப ஆசையா இருக்குது."

"அதெல்லாம் ஒண்ணும் ஆகாதுங்க மாஸ்டர். ஏர்போர்ட்ல இதெல்லாம் சகஜமுங்க" என்றேன், நிறையப் பறந்தவனின் குரலில். வண்ணத்துப்பூச்சியை இன்னும் கழற்றவில்லை.

"நல்ல கட்டருங்க" என்றார். "போயிருச்சு." யாருடையது என்று அவர் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

டில்லியில் வேலை முடிந்தது. மாஸ்டர் தோள்பட்டையைப் பிரித்து, ஒன்றன்மேல் ஒன்று படியும்படி மடித்துத் தைக்கச் சொன்னார். பொம்மையின் தலை சுலபமாக உள்ளே போனது. நூலை வெட்ட அவர் கை நெஞ்சுக்குப் போய் வெறுமையைத் தடவியது. அங்கிருந்த பெண் ஒரு கத்திரியை நீட்டினாள். துணிக் கனத்தை அவர்களுடைய கட்டரில்தான் பார்த்தோம். என்னுடையதைப் போலவே இருந்தது. சரியாகவே வெட்டியது.

இதற்கு மேல் நடந்ததைத்தான் எழுதக் கூசுகிறது.

ஊர் திரும்பியதும் முதலாளி கூப்பிட்டார். "ஏனுங்க, ஏர்போர்ட்ல என்னமோ பிரச்சினையாமா?"

"மாஸ்டர் பையில கட்டர் இருந்துச்சுங்க" என்றேன்.

இதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. சரிபார்த்துக்கொள்ளுங்கள். அவருடைய பைதான், உள்ளே கட்டர்தான். வாழ்நாளில் நான் சொன்ன பொய்களில் இவ்வளவு சுத்தமான உண்மையால் ஆனது வேறில்லை. முதலாளி மாஸ்டரைப் பார்த்து, "ஏனுங்க மாஸ்டர், சாரு அத்தன தடவ சொல்லியுமா?" என்றார். மாஸ்டர், "கவனக்கொறவுங்க" என்றார்.

செய்தி கட்டிங் மேசையிலிருந்து பேக்கிங் வரை போனது. செக்கிங் பெண்கள் டீ குடிக்கும்போது, "மாஸ்டரே, ஊட்டுக்குப் போறப்பப் பையத் தொறந்து காட்டீட்டுப் போங்க" என்பார்கள். அவர் பையைத் திறந்து காலி டிபன் பாக்ஸைக் காட்டுவார். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரித்திருக்கிறேன். சில நாள் நானே தொடங்கி வைத்திருக்கிறேன்.

நடுநடுவே என் அறைக்கு வந்து நிற்பார். "சார், அந்தப் பேரு எழுதுனது..." என்று இழுப்பார். ஒன்றும் ஆகாது என்பேன். உம்ராவுக்கு விசா வரும்வரை அப்படித்தான். அவர் வீட்டில் இதைச் சொல்லவே இல்லை என்று பின்னால் தெரிந்தது. மனைவி பயந்துவிடுவார் என்று அந்தக் கவலையைத் தனியாகவே வைத்துக்கொண்டு நடமாடியிருக்கிறார். நான் வைத்துக்கொள்ள வேண்டியதை.

ஒன்றும் ஆகவில்லை. இருவரும் நல்லபடியாகப் போய் வந்தார்கள். அதற்குள் நான் வேலையை விட்டிருந்தேன். ஒரு ஞாயிறன்று பேரீச்சம்பழமும் ஜம்ஜம் தண்ணீரும் எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார். அவருடைய மௌனத்தைப் பற்றி அதற்குள் நான் மனதில் ஒரு கோபுரமே கட்டி வைத்திருந்தேன். என்னைக் காப்பாற்றப் பழியை ஏற்றுக்கொண்ட பெரிய மனிதர், நானோ அவரால் மன்னிக்கப்பட்டவன். அந்த இடம் எனக்குக் கொஞ்சம் வசதியாகவும் இருந்தது. அதனால் அன்று சொல்லிவிடுவது என்று முடிவெடுத்தேன்.

"மாஸ்டர், அன்னிக்கு அந்தக் கட்டரு என்னுதுங்க."

"தெரியுமுங்க சார்" என்றார். "மேல மார்க்கர்ல தமிழ்ல உங்க பேரு எழுதீருந்துச்சே. செக்கிங் பசங்க எடுத்துக்குவாங்கன்னு எல்லாத்துலயும் எழுதி வெப்பீங்களே."

"கம்பெனியிலயும் உங்க பையில இருந்துச்சுன்னு நாந்தான் சொல்லிப்போட்டேன்."

"அதும் தெரியுமுங்க."

"எனக்காகப் பெருந்தன்மையா ஏத்துக்கிட்டீங்க. நாந்தான் வாயத் தொறக்கல."

பேரீச்சங்கொட்டையைத் தட்டின் ஓரத்தில் வைத்தார். "பெருந்தன்மையெல்லாம் ஒண்ணும் இல்லீங்க சார். உங்களுதுன்னு சொல்லீருந்தா உங்களக் கூப்புட்டுக் கேட்டிருப்பாங்க. நீங்க இல்லீன்னு சொல்லிப்போட்டா, ரெண்டு பேரும் ரெண்டு மாதிரி சொல்றாங்கன்னு ஒட்டுக்காப் புடிச்சு உக்கார வெச்சிருப்பாங்க. பிளைட்டு போயிருக்கும். என்னுதுன்னா ஒரே கேள்வியோட முடிஞ்சுரும்னு நெனச்சேன்."

எனக்கு நிஜமாகவே வலித்தது. "நான் இல்லீன்னு சொல்லீருப்பேன்னா நெனச்சீங்க மாஸ்டர்?"

அவர் இன்னொரு பேரீச்சம்பழத்தை எடுத்துப் பார்த்துவிட்டுத் தட்டிலேயே வைத்தார். என் மனம் நோகாமல் சொல்ல ஏதாவது வழி இருக்கிறதா என்று தேடினார் என்றுதான் நினைக்கிறேன்.

"உங்கள எனக்கு நல்லாத் தெரியுமுங்க சார்" என்றார். "ஆனா அந்தப் பூச்சி போட்ட லேடீஸ் ஹூடியப் போட்டுட்டு நின்ன ஆள எனக்கு அவ்வளவாப் பழக்கம் இல்லீங்களே."